வகுக்காமல் அறிந்த எண்

சீடன்: ஐயனே, 170141183460469231731687303715884105727 ஒரு பகா எண் என்கிறார்கள். 39 இலக்கம்! காரணி உண்டா என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க எவருக்கு ஆயுள் போதும்?

குரு: அப்படி எவரும் வகுக்கவில்லை. 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வருவது அது. பகா எண்தான் என்று 1876-இல் பிரெஞ்சுக்காரரான எடுவார்டு லூகாஸ் கைக்கணக்கிலேயே நிறுவினார். அவர் முறையை 1930-இல் லேமர் என்ற கணிதர் எளிமையாக்கினார். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, இரண்டைக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். திரும்பவும் அதையே செய். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்தபின் மீதி பூச்சியமானால் பகா எண். 31-ஐப் பார், அடுக்கு 5. 4, 14, பிறகு 194, மீதி 8. அடுத்தது 62, மீதி பூச்சியம்.

சீடன்: பூச்சியம் வராவிட்டால்?

குரு: பகு எண். 11ஆம் அடுக்கின் 2047-ஐப் போட்டுப் பார்.

சீடன்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூச்சியம் வரவில்லை. ஆனால் 2047 என்பது 23 × 89. இந்த 1736-இல் 23-உம் இல்லை, 89-உம் இல்லையே!

குரு: எனக்கு இதில் தீராத வியப்பு அதுதான். பிளவுபடும் என்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. 67ஆம் அடுக்கில் வருவதையும் மெர்சென் என்பவர் 1644-இல் பகா எண் பட்டியலில் சேர்த்திருந்தார். பகு எண் என்று லூகாஸ் காட்டியபோது அவர் கையில் ஒரு காரணியும் இல்லை. 1903-இல்தான் அமெரிக்கரான கோல் அவற்றைக் கண்டுபிடித்தார்: 193707721 × 761838257287.

சீடன்: அதுவரை அது வெறும் நம்பிக்கைதானே?

குரு: அல்ல, கருதல் அளவை. புகை கண்டு நெருப்பை உணர்பவன் பனியைப் புகையென்று மயங்கக்கூடும். இங்கே மயங்க ஒரே வழி, கணக்கைத் தவறாகப் போடுவது. அதனால்தான் 2024-இல் 136279841ஆம் அடுக்கில் 4,10,24,320 இலக்கப் பகா எண் கிடைத்தபோது, வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு நிரல்களால் சரிபார்த்த பிறகே அறிவித்தார்கள்.

சீடன்: அந்தக் கணக்கை நான் போடவில்லை. ஆகவே எனக்கு அது பிறர் சொல்லைக் கேட்டு ஏற்பது, உரை அளவை மட்டுமே.

குரு: ஒப்புகிறேன். 31-உம் 2047-உம் மட்டுமே உன்னுடையவை.

சீடன்: அவையும் முழுதாக என்னுடையவை அல்ல, ஐயனே. பூச்சியம் வந்தால் ஏன் பகா எண் என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

குரு: அதைக் கேட்காமல் நீ எழுந்துவிடக் கூடாதே என்றிருந்தேன். பலகையை எடு. 4 என்பது 2 + √3, 2 − √3 இரண்டின் கூட்டுத்தொகை. அவற்றைப் பெருக்கினால் 1. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழிப்பது அதனால்தான். இங்கிருந்து தொடங்குவோம்.