பயம் ஒழிய வேண்டாம், வாகனமாகட்டும்

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



போன வாரம் ஒரு தங்கச்சி என்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. "அக்கா, எனக்கு 29 வயசாகுது. லைசென்ஸ் கையில இருக்கு. ஆனா கார் சாவியை எடுத்தாலே உள்ளங்கை வேர்த்துடுது. தினமும் முருகனைக் கும்பிட்டுத்தான் வெளிய கிளம்புறேன். அப்படியும் ஏன் இந்தப் பயம் போகல? என் பக்தியில எதுவும் குறை இருக்கா?"

குறை எதுவும் இல்ல தங்கம். நீ கேட்கிற வரத்தை மட்டும் கொஞ்சம் மாத்திக் கேட்கணும். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

நாம எல்லாரும் முருகன்கிட்ட "என் பயத்தை அழிச்சிடு சாமி" என்றுதான் வேண்டுறோம். ஆனா நம்ம அப்பன் எதிரியை என்ன செய்தார் என்று ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் சூரபத்மன் ஒரே உருவத்தில் நின்று போர் செய்யவில்லை. பறவையாக வந்தான், இருளாக வந்தான், என்னென்ன மாயமோ காட்டினான். கடைசியில் நடுக்கடலில் மாமரமாக நின்றான். வேல் அவனை இரண்டாகப் பிளந்தது. அதோட அவன் கதை முடிஞ்சதா? இல்லை. ஒரு பாதி சேவலாகவும் இன்னொரு பாதி மயிலாகவும் மாறி, கோபம் தணியாமல் மறுபடியும் முருகன் மேலேயே பாய்ந்து வந்தது. அப்போது பெருமான் திரும்ப வேலை எடுக்கவில்லை. கருணையோடு ஒரு பார்வை பார்த்தார். சேவல் கொடியில் ஏறியது. மயில் வாகனமானது.

எந்த எதிரியைக் கண்டு தேவர்கள் எல்லாம் நடுங்கினார்களோ, அவன் மேலேயே ஏறி உட்கார்ந்து நமக்குக் காட்சி தருகிறார் நம்ம முருகன். இதைத்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் சஷ்டி அன்று திருச்செந்தூர் கடற்கரையில் லட்சக்கணக்கான பேர் நின்று பார்க்கிறோம். சூரன் என்பது ஆணவம் என்று பெரியவங்க சொல்வாங்க. சைவ சித்தாந்தம் ஒரு நுட்பமான விஷயம் சொல்லுது. முத்தி நிலையிலும் ஆணவம் என்ற பொருள் அழிந்து போவதில்லை. அதோட சக்திதான் அடங்கிப் போகும். பயத்துக்கும் இதே கணக்குதான். அது இருக்கட்டும், அடங்கி இருந்தா போதும்.

அதனால வேண்டுதலை இப்படி மாத்துங்க. "அப்பா, என் பயத்தை அழிக்க வேண்டாம். அதை எனக்கு வாகனமாக்கிக் கொடு."

இதை நான் புத்தகத்தில் படிச்சு மட்டும் சொல்லல.

எங்க பரளச்சி திருச்சுழி தாலுகாவில் இருக்கிற கரிசக்காட்டு ஊர். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல மரம், நடுநடுவே கரிமூட்டப் புகை. காலையில மயில் ரோட்டைக் கடக்கும், சாயங்காலம் ஆட்டு மந்தை கடக்கும். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே தானியம் காயும். என் அப்பாவுக்கு சிறுநீரகம் செயலிழந்து, வாரம் ரெண்டு நாள் அருப்புக்கோட்டைக்கு டயாலிசிஸ் கூட்டிட்டுப் போக வேண்டிய நிலை வந்தது. ஒரு தடவை போனா நாலு மணி நேரம் படுக்கணும். முடிஞ்சு வரும்போது ஆள் துவண்டு போயிருப்பார். பஸ்ல நிற்க வைச்சுக் கூட்டி வர முடியாது.

வீட்டு வாசலில் தம்பி வாங்கிப் போட்ட பழைய ஆல்ட்டோ நிற்குது. தம்பி வெளிநாட்டில். வாடகை வண்டிதான் கதி. முகூர்த்த நாள் வந்தா சுத்துப்பட்டுல ஒரு வண்டியும் கிடைக்காது, எல்லாம் கல்யாணத்துக்குப் போயிடும். ஆனா டயாலிசிஸுக்கு முகூர்த்த நாள் தெரியுமா? ஒரு நாள் தள்ளிப்போனா அப்பாவுக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

அப்போ எனக்கு வயசு 36. காலேஜ் படிக்கும்போது பஸ் ஜன்னல் வழியா ஒரு விபத்தைப் பார்த்ததில் இருந்து, ஸ்டீயரிங் முன்னாடி உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கும். கற்றுக்கணும் என்று முடிவெடுத்த பிறகும் சூரன் மாதிரியே என் பயமும் வேஷம் போட்டுக்கிட்டே வந்தது. ஒரு நாள் "இன்னைக்கு அஷ்டமி" என்று வந்தது. இன்னொரு நாள் "டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்று வந்தது. "ஊர்ல என்ன சொல்வாங்க" என்றும் வந்தது. உங்களுக்கும் இப்படித்தானே வரும்? வேஷம் எத்தனை போட்டாலும் உள்ளே இருக்கிற ஆள் ஒருத்தன்தான். அவன் பேர் பயம்.

எனக்கு வழி காட்டியது எங்க பக்கத்து மண்தான். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தது எங்க திருச்சுழியில். காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனின் அவதாரமாகவே பார்த்தார். 1896-ல் மதுரையில் மாமா வீட்டில் இருந்தபோது, உடம்பில் ஒரு நோயும் இல்லாத 16 வயசுப் பையனான அவருக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. அவர் டாக்டரைத் தேடி ஓடவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. அப்படியே தரையில் செத்தவர் மாதிரி கை கால் நீட்டிப் படுத்து, "சாவு வந்துவிட்டது, சரி, சாவது எது?" என்று அந்தப் பயத்தையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. அதே வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

மகரிஷியின் அனுபவம் எங்கே, நம்ம கார் பயம் எங்கே! ரெண்டையும் ஒரே தட்டில் வைக்கல. ஆனா வழி ஒண்ணுதான். ஓடாதே, உட்கார்ந்து பார்.

இதுக்கு உடம்பு சார்ந்த காரணமும் இருக்கு. ஆபத்து என்று மூளை நினைச்சா உடம்பில் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமா அடிக்கும், கை வேர்க்கும். அந்த நேரத்தில் நாம வண்டியை விட்டு இறங்கி ஓடினா உடனே ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. "ஓடினதாலதான் தப்பிச்சோம்" என்று மூளை பாடம் படிச்சுக்கும். அடுத்த தடவை பயம் இன்னும் பெருசா வரும். ஓடாமல் உட்கார்ந்திருந்தா, அலை ஏறின மாதிரியே கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். இப்படிச் சின்னச் சின்னப் படியா பயத்தை நேரில் சந்திக்க வைப்பதுதான் மனநல மருத்துவர்கள் செய்கிற சிகிச்சையும்.

நம்ம அப்பனுக்கு ஆறு படை வீடு. நானும் ஆறு படியாப் பிரிச்சுக்கிட்டேன்.

முதல் படி, நிற்கிற வண்டியில் சும்மா உட்காருவது. என்ஜின் வேண்டாம். தினமும் சஷ்டி கவசம் படிக்கிற நேரத்தை டிரைவர் சீட்டில் வைச்சுக்கிட்டேன். பயம் வந்தது, இருந்தது, போனது.

ரெண்டாவது படி, என்ஜினை ஓடவிட்டு அந்தச் சத்தத்தைப் பழகிக்கிறது.

மூணாவது, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் முதல் கியர். டிரைவிங் ஸ்கூல் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "ஆக்சிலேட்டரை மறந்துடும்மா, கிளட்ச்சை மட்டும் பிள்ளையைத் தொட்டில்ல போடுற மாதிரி மெதுவா விடு" என்றார். பாதி கிளட்ச்சில் வண்டி லேசா நடுங்கி, தானா நகர ஆரம்பிக்கும். அந்த நடுக்கம் பழுது இல்லை, வண்டி கிளம்பப் போகுதுன்னு சொல்ற அடையாளம். நம்ம நடுக்கமும் அப்படித்தான் தங்கங்களே.

நாலாவது, விடியற்காலை ஆள் இல்லாத நேரத்தில் ரோட்டில். அஞ்சாவது, அப்பாவை ஏற்றிக்கிட்டு, அண்ணாச்சியைப் பக்கத்தில் வைச்சுக்கிட்டு அருப்புக்கோட்டை வரைக்கும். ஊர் முகப்பில் லாரிகளுக்கு நடுவே வண்டி அணைஞ்சு நின்னது. பின்னாடி ஹாரன் சத்தம் காதைப் பிளக்குது. அப்பா பின் சீட்டில் இருந்து, "தாயி, அவங்க கத்தட்டும். நீ திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார். அவ்வளவுதான். ஹாரன் அடிக்கிறவங்க யாரும் நம்மளை அடிக்க வரப்போறதில்லை என்று அன்னைக்குத்தான் புரிஞ்சது.

ஆறாவது படி, லைசென்ஸ் வாங்கி நானும் அப்பாவும் மட்டும். இப்போ ரெண்டு வருஷமா அந்த வேலை என்னுடையது. பயம் போயிடுச்சா? இல்லை. இன்னைக்கும் சாவி போடும்போது எட்டிப் பார்க்கும். ஆனா அது இப்போ "ஓட்டாதே" என்று சொல்றதில்லை. "கண்ணாடியைப் பார்த்தியா? ஆடு வருது, வேகத்தைக் குறை" என்று சொல்லுது. மயில் வாகனமான கதை இதுதான்.

"வயசாயிடுச்சே, இனிமேலா?" என்று நினைக்கிற அக்காமார்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்துக் கற்றுக்க வந்த கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கிட்டாங்க. கல் குவாரியில் வேலை பார்த்தவங்க, விவசாயக் கூலிகள், கைக்குழந்தைக்காரிகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேல். ஊரில் கேலி பேசினவங்களும் இருந்தாங்க. அதுக்காக அவங்க நிற்கல. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு என்றதும் ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. அதில் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைச்சுக்கலாம் என்று அதையே விரும்பினவங்களும் உண்டு. பிறகு 1993-ல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ்ஸையே ஓட்ட வந்தாங்க. இவங்க யாரும் பயம் இல்லாமல் பிறந்தவங்க இல்லை. பயத்தோடயே பெடலை மிதிச்சாங்க.

இப்போ தம்பிமார்களுக்கு. உங்களில் சிலருக்கு நேர் எதிரான நோய் இருக்கு, பயமே இல்லாத நோய். பைக் முன்னாடி வேல் ஸ்டிக்கர் ஒட்டிட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிட்டுப் பறக்கிறீங்க. சஷ்டி கவசத்தில் தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு அங்கமாச் சொல்லிக் காக்கச் சொல்லி வேண்டுறோம் இல்லையா? ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் அந்த வேண்டுதலுக்கு நம்ம பங்கு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி பிரேக் பிடிக்குதா என்று பாருங்க. தைப்பூசம் வந்தா பச்சை உடுத்தி நம்ம சொந்தங்கள் விடிய விடிய ரோட்டோரமா நடந்து போவாங்க. அவங்க பக்கத்தில் வண்டியை ஊர்ந்து ஓட்டுறதும் முருகனுக்குச் செய்கிற பூசைதான்.

கற்றுக்கப் போறவங்க முறைப்படி எல்.எல்.ஆர். போடுங்க. அது ஆறு மாசம் செல்லும். 30 நாள் கழிச்சு டெஸ்டுக்குப் போகலாம். அதுவரைக்கும் முன்னாடியும் பின்னாடியும் 'எல்' போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருத்தர், இது கட்டாயம். திட்டாமல் சொல்லிக் கொடுக்கிற ஆளாப் பாருங்க.

இன்னொண்ணு. விபத்தில் சிக்கினவங்க, அந்தக் காட்சி ராத்திரி கனவில் வந்து எழுப்புதுன்னா, தனியாப் போராடாதீங்க. அரசாங்கத்தோட டெலி மனஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாப் பேசலாம், தமிழிலேயே. வைத்தியநாதனோட பிள்ளைதானே நம்ம முருகன்? மருத்துவர்கிட்ட போறது பக்திக் குறைவு ஆகாது.

வர்ற செவ்வாய்க்கிழமை விளக்கேற்றி முடிச்சதும் சாவியை எடுத்து ஒரு நிமிஷம் அவன் காலடியில் வைங்க. பிறகு போய் நிற்கிற வண்டியில் பத்து நிமிஷம் உட்காருங்க. அன்னைக்கு அது போதும். பயம் வந்தா ஓடாதீங்க. "வா, உட்காரு" என்று சொல்லுங்க. மீதியை மயிலேறும் பெருமான் பார்த்துக்குவார்.

வீட்டில் வண்டி இருந்தும் தொடப் பயப்படுற ஒரு அக்காவோ தம்பியோ உங்களுக்குத் தெரிஞ்சா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.

ஓம் சரவணபவ. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!