வலி மாத்திரையும் கேட்டுக் கொடுக்கும் கடமையும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம்மவர் பழமொழி. உப்பு மிஞ்சிய பண்டமும் அதே குப்பைக்குத்தான் போகிறது என்பதை அடுப்படியில் நிற்கும் எந்தத் தாயும் சொல்லுவார். ஆகவே, ஒரு பொருள் நல்லதா தீயதா என்ற கேள்விக்குப் பொருளை மட்டும் பார்த்து விடை கூற முடியாது. எவ்வளவு, எப்பொழுது, யாருக்கு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டாலன்றி அக்கேள்வி நிறைவு பெறுவதில்லை. இஃது அனைவரும் அறிந்த உண்மைதானே, இதற்கொரு கட்டுரையும் வேண்டுமோ என்று வாசகர்கள் நினைக்கலாம். ஆனால், வீட்டு அலமாரியிலும், தாய்மார்களின் கைப்பையிலும், கடைகளின் கண்ணாடிப் பெட்டியிலும் கிடக்கும் ஒரு சிறு பொருளின் விஷயத்தில் பலரும் இவ்வுண்மையை அன்றாடம் மறந்துவிடுகின்றனர். அப்பொருள் வலி மாத்திரை.

தலைவலி என்றால் ஒன்று, இடுப்புவலி என்றால் இரண்டு என்று எடுத்து நீட்டுவது நம்மிடையே பரிவின் அடையாளமாகிவிட்டது. அந்தப் பரிவை நாம் குறை கூறவில்லை. ஆனால், வாங்கிக்கொள்பவர் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் அங்கே இருவர் இருக்கின்றனர். ஒருவர் தம் வலியைச் சொல்லக்கூடியவர். மற்றவர் எதையும் சொல்ல முடியாதவர். அப்படியானால், அம்மாத்திரையைக் கொடுக்கும் கைக்கு உள்ள கடமை என்ன? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி.

முதலில் மருந்தைப் பற்றிய விவரங்களைத் தெரிந்துகொள்வோம். ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் வேலைபார்த்த பெலிக்ஸ் ஹாப்மன் என்னும் இரசாயன நிபுணர் 1897-இல் ஆஸ்பிரின் மருந்தைச் சுத்தமான நிலையில் தயாரித்தார். 1899-இல் அப்பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்பாரும் அவருடன் உழைத்தவர்களும் கண்ட ஐபுபுரோபென், 1969-இல் அந்நாட்டில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கலாயிற்று. 1983 முதல் சீட்டில்லாமலே கிடைத்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போன்ஸ்தான் என்ற பெயரால் பலரும் அறிந்த மெபனாமிக் அமிலமும், மூட்டுவலிக்காரர்கள் அறிந்த டைக்குளோபெனாக்கும் இதே இனத்தைச் சேர்ந்தவை. சில சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் இவ்வினத்து மருந்து கலந்திருக்கும். பனடோல் என்று நாம் அழைக்கும் பாரசிட்டமோல் இவ்வினத்தில் சேராது. இந்த வேற்றுமையை வாசகர்கள் நன்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆஸ்பிரின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் விழுங்கப்பட்ட பின்னரே, அஃது எவ்வாறு வேலை செய்கிறது என்பது துலங்கியது. 1971-இல் லண்டனில் ஜான் வேன் என்னும் அறிஞர், உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை இம்மருந்துகள் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் அவருக்கும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் மூட்டிவிடுவதில் அப்பொருளுக்குப் பெரும் பங்குண்டு. அது குறைந்தால் வலி குறையும். ஆனால், வலி மூட்டுவது மட்டுமே அதன் வேலை அன்று. கருவிலிருக்கும் குழந்தைக்கு அதுவே காவற்காரனாகவும் நிற்கிறது.

கருப்பையிலுள்ள குழந்தை தன் நுரையீரலால் உயிர்க்காற்றைப் பெறுவதில்லை. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சு வழியாகவும் கொடி வழியாகவும் அது வந்து சேர்கிறது. ஆகவே, குழந்தையின் இரத்தம் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகாமல், இதயத்தின் அருகிலுள்ள ஒரு சிறு குழாய் வழியே உடலுக்குத் திரும்பிவிடுகிறது. அக்குழாயைத் திறந்து வைத்திருக்க உதவுவது இந்தப் புரோஸ்டாகிளாண்டின்தான். பிள்ளை பிறந்து மூச்சிழுத்தபின், இரண்டு மூன்று நாட்களில் குழாய் தானே மூடிக்கொள்ளும். பிறப்பதற்கு முன்பே, தாய் உண்ட மாத்திரையினால் அது சுருங்கி மூடிக்கொண்டால், குழந்தையின் இதயமும் நுரையீரலின் இரத்தக் குழாய்களும் தாங்கவொண்ணாத பாரத்தைச் சுமக்க நேரிடும். 30-ஆம் வாரம், அதாவது ஏழாம் மாதம் முதல் இம்மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டுமென மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வருவது இதனாலேயே.

இன்னொன்று சிறுநீரகத்தைப் பற்றியது. 20 வாரத்துக்குப்பின் பனிக்குடத்து நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீரே ஆகும். அந்நீர் குழந்தைக்கு மெத்தைபோல் அமைகிறது. அதன் நுரையீரல் வளரவும் துணை செய்கிறது. மாத்திரையினால் குழந்தையின் சிறுநீரகம் சோர்ந்தால் சிறுநீர் குறையும். பனிக்குடத்து நீரும் வற்றும். இதனைக் கருதியே, 2020 அக்டோபரில் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம், 20-ஆம் வாரம் முதலே, அதாவது ஏறத்தாழ ஐந்தாம் மாதம் முதலே, இம்மாத்திரைகளைத் தவிர்க்குமாறு அறிவித்தது. 2023-இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு நிலையமும் இவ்வாறே நினைவூட்டியது. இத்தீங்கு அரிதாகவே நேர்கிறது. பல நாட்களோ வாரங்களோ தொடர்ந்து உண்டவர்களிடமே பெரும்பாலும் காணப்பட்டது. இரண்டே நாட்களில் கண்டதும் உண்டு. மருந்தை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் நீர் மீண்டும் ஊறிவிடுகிறது. 20 வாரத்துக்கு முன்பும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணாதிருப்பதே முறை.

இவ்வளவையும் படித்தவர், இம்மாத்திரை கருவுக்குப் பகை என்று தீர்ப்பளித்து எழுந்துவிடக்கூடும். சற்றுப் பொறுத்தல் வேண்டும். குறைமாதத்தில் பிறக்கும் சில குழந்தைகளுக்கு, நாம் மேலே சொன்ன அதே குழாய் பிறந்தபின்னும் மூடாமல் நின்று தொல்லை தருவதுண்டு. அதனை மூட, இதே இனத்தைச் சேர்ந்த இண்டோமெத்தசின் மருந்து பயன்பட்டதை 1976-இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். பிறக்குமுன் எந்தச் செயல் ஆபத்தோ, பிறந்தபின் அதே செயல் சிகிச்சையாகிறது! மருந்தும் மாறவில்லை, குழாயும் மாறவில்லை, வேளைதான் மாறியது.

அளவின் கதையும் இத்தகையதே. சூல்கொண்ட காலத்தில் இரத்த அழுத்தம் ஏறித் தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகும் நோய் ஒன்றுண்டு. அந்நோய் வரக்கூடியவர்கள் என்று கண்டறியப்பட்ட தாய்மார்களுக்கு, மூன்றாம் மாத வாக்கில் தொடங்கி 36-ஆம் வாரம்வரை இரவுதோறும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தனர். அந்த ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 4.3 பேருக்கு அந்நோய் மாதம் நிறையுமுன்பே பிரசவம் பார்க்க வேண்டிய அளவுக்கு வந்தது. ஆஸ்பிரின் உண்டவர்களில் நூற்றுக்கு 1.6 பேருக்கே அவ்வாறு வந்தது. தலைவலிக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்ணும் மருந்து, அதிற் பாதி அளவில், மருத்துவர் கண்காணிப்பில், தாயையும் பிள்ளையையும் காக்கிறது. ஆகவே, மருத்துவர் எழுதிக்கொடுத்த இச்சிறிய ஆஸ்பிரினை அண்டை வீட்டார் பேச்சைக் கேட்டு நிறுத்துவதும் தவறே.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நன்மையும் தீமையும் மாத்திரைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. கொடுக்கும் வேளையிலும், கொடுக்கும் அளவிலும், வாங்கும் ஆளிலுமே அவை பிறக்கின்றன. அப்படியாயின், இம்மூன்றையும் விசாரிக்காமல் கொடுப்பவர், தாம் கொடுப்பது மருந்தா நஞ்சா என்று தெரியாமலே கொடுக்கிறார். அறிந்து செய்யும் தீமை ஒரு குற்றம். கேட்டால் அறியலாம் என்ற நிலையிலும் கேளாதிருப்பது இன்னொரு குற்றம். முன்னதற்குக் கெட்ட நெஞ்சம் வேண்டும். பின்னதற்குச் சோம்பல் ஒன்றே போதும். அதனாற்றான் நல்லவர்களும் அதில் விழுந்துவிடுகின்றனர்.

இதற்குச் சில மறுப்புகள் எழலாம். "காசு கொடுத்துக் கேட்கிறார், கொடுக்கிறோம், நாங்கள் என்ன டாக்டரா?" என்பார் வியாபாரி. டாக்டர் அல்லர் என்பதே அவர் விசாரிக்க வேண்டியதற்குக் காரணம். எடையில் குறைவு நேர்ந்துவிடக் கூடாதே என்று தராசின் முள்ளை இருமுறை பார்க்கிற வியாபாரி, "யாருக்கம்மா மருந்து?" என்று ஒருமுறை கேட்பதில் என்ன நஷ்டம்? விற்கலாம் என்று சட்டம் அனுமதித்திருக்கலாம். விசாரியாமல் விற்கலாம் என்று மனச்சாட்சி அனுமதிக்கவில்லை. கேட்டறிந்தபின், "கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு விற்பனையை இழந்தால், போவது சில வெள்ளி, நிற்பது நம்பிக்கை.

"இத்தீங்கு அரிது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பின் ஏன் இந்தப் பதற்றம்?" என்று இன்னொருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அரிது என்பது தெரியாமல் உண்டுவிட்ட தாய்க்கு ஆறுதல். கொடுப்பவருக்கோ அது சாக்கு ஆகாது. ஒன்றிரண்டு மாத்திரை உண்டுவிட்டதற்காகக் கர்ப்பிணி ஒருவர் இரவெல்லாம் அழத் தேவையில்லை. அடுத்த முறை மருத்துவரிடமோ தாதியிடமோ மறையாமல் சொல்லிவிடுவது போதும். பல நாள் உண்டிருந்தால் தாமதியாமல் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால், ஒரு கேள்வியால் தவிர்க்கக்கூடிய தீங்கு எவ்வளவு அரிதாயினும், அந்தக் கேள்வியைக் கேளாமல் விட நியாயம் இல்லை.

இனி, இதற்கு நேர் எதிரான பிழையையும் சொல்லியாக வேண்டும். "பிள்ளை பெறுபவள் என்றால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், எங்கள் காலத்தில் மாத்திரையா தின்றோம்?" என்று எல்லாவற்றையும் மறுத்துவிடும் மாமிமார் உண்டு. தாயின் வலியை ஒரு பொருட்டாகக் கருதாத அறிவுரை, பிள்ளையின்மேலுள்ள அன்பினால் வந்ததாயினும், அறமாகாது. கடுங்காய்ச்சலை மருந்தின்றி விட்டுவைப்பதும் கருவுக்கு நல்லதன்று. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமோலையே, தேவையான குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு உண்ணலாம் என மருத்துவர்கள் கூறுகின்றனர். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு, அம்மருந்தினால் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வரக்கூடும் என்று கூறிப் பெருங்கலக்கத்தை உண்டாக்கியது. அத்தகைய தொடர்பு உறுதியாகவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அம்மாதமே தெளிவுபடுத்தியது. அதற்கு முன்பே, 2024-இல், சுவீடனில் 24 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படிப்பட்ட தொடர்பைக் காணவில்லை. கேளாமல் கொடுப்பதும் அறியாமல் தடுப்பதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள் அன்றோ?

மூன்றாவதாக ஒன்றுண்டு, அதுவே நம் மனத்தை அதிகம் உறுத்துகிறது. பிள்ளைக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், "நீ என்ன தின்றாய்?" என்று தாயை மட்டுமே கூண்டில் ஏற்றும் வழக்கம் அது. மாத்திரையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கணவர் அங்கே வாய் திறப்பதில்லை. "எனக்கு உடனே கேட்டது, நீயும் போடு" என்ற நாத்தியும் இல்லை, விற்றவரும் இல்லை. சூல்கொண்டவர் சுமப்பது இரண்டு உயிர். அதன்மேல் சுற்றத்தார் அனைவருடைய பொறுப்பையும் ஏற்றிவைப்பது கொடுமை. வயிற்றிலிருக்கும் பிள்ளை தாய்க்கு மட்டும் உரிய அமானிதம் அன்று. அவருக்குச் சோறும் மருந்தும் ஆலோசனையும் கொடுக்கிற ஒவ்வொருவர் கையிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

பிள்ளை பிறந்தவுடன் இக்கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் ரை 1963-இல் விவரித்த, மூளையையும் ஈரலையும் தாக்கும் கொடிய நோயானது, அம்மை, சளிக்காய்ச்சல் முதலியன கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு தொடர்புடையதென்று பின்னர் தெரியவந்தது. ஆகவே, மருத்துவர் சொன்னாலன்றிப் பிள்ளைகளுக்கு அதனைக் கொடுக்கலாகாது. பாலூட்டும் தாயும் தமக்கு எந்த வலி மாத்திரை ஏற்றதென்று கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

ஆகவே, சகோதர சகோதரிகளே, நாம் வேண்டுவது மிகச் சிறிது. மருந்தை நீட்டுமுன் மூன்றைக் கேளுங்கள்: யாருக்கு? பிள்ளைத்தாய்ச்சி என்றால் எத்தனையாவது மாதம்? டாக்டர் என்ன சொன்னார்? விடை தெரியாத இடத்தில், தெரியாது என்று சொல்லித் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை; ஒரு நிமிஷமும், கேட்கக் கூச்சப்படாத நாவும் இருந்தால் போதும். பேச வாயில்லாத உயிருக்காக வாயுள்ள நாம் கேட்கும் கேள்வி அது.