கேட்கப்படாத கேள்வி

சிதம்பரத்தில் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-இல் தொடங்கப்பெற்றது. அதன் மருத்துவமனை இன்று அரசின் பொறுப்பில் இயங்குகிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து வந்து அங்கே காத்திருப்போர் பலரின் கையில், மருந்துச் சீட்டோடு கைப்பேசியும் இருக்கிறது. தம் நோயைப் பற்றி இணையத்தில் தேடிப் பார்த்த பின்னரே மருத்துவர்முன் அமர்கின்றனர். இது தவறா?

தன் உடலைப் பற்றி அறிய விரும்புவது குற்றமன்று. ஆயினும் 2018 சூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே மகப்பேறு நடத்த முயன்றபோது, இளந்தாய் ஒருவர் இரத்தப்போக்கினால் இறந்தார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பித் தமிழகப் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தயங்கினர். அறியாமையைவிட அரைகுறை அறிவு துணிச்சல் மிக்கது.

நம் பங்கில் ஒரு மூதாட்டி, காணொளி ஒன்றை நம்பிச் சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டார். காலில் புண் கண்ட பின்னரே நமக்குத் தெரிந்தது. "ஏனம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்று வினவினோம். "டாக்டர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, சாமி. இது அரைமணி நேரம் என்னோடு பேசியது" என்றார். நாம் தலைகுனிந்தோம். அவர் நோயைச் சொன்ன நாளில், "செபிக்கிறோம்" என்று கூறி நாமும் நகர்ந்திருந்தோம்.

மருத்துவம் என்பது நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு பகுதிகளை உடையது என்பார் வள்ளுவர். இணையம் இந்நால்வகையில் எதிலும் சேராது. அது எல்லாரிடமும் பேசுகிறது; ஆனால் அந்த மூதாட்டியின் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சொன்னது பிழையானால் அவர் கட்டிலருகே வந்து நிற்கவும் அதனால் இயலாது. பொறுப்பேற்க ஆளில்லாத சொல்லை நம்பி உயிரை ஒப்படைத்தல் அறிவுடைமையாகாது.

ஆனால் குற்றம் தேடியவருடையது மட்டுமன்று. அவருடைய கேள்வியைச் செவிமடுக்க நேரமில்லாதவர்களே அவரைக் கைப்பேசியிடம் அனுப்பினர். சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தில் இறைவேண்டலும் மருத்துவரும் அருகருகே நிற்கின்றனர். ஒன்றிருக்க மற்றொன்றைத் தள்ள நமக்கு உரிமையில்லை.

ஆகவே, இணையத்தில் படித்ததை ஒரு தாளில் கேள்வியாக எழுதிக்கொள்வோம்; அதை மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்போம்; அவர் சொல்லாமல் எம்மருந்தையும் நிறுத்தாதிருப்போம். முதியோரைத் தனியே அனுப்பாமல் பிள்ளைகள் உடன் செல்லட்டும். அந்தத் தாயின் புண் ஆறிவிட்டது. அடுத்த முறை அவரோடு நாமும் மருத்துவரிடம் சென்று, கேள்வி கேட்டு முடியும்வரை அமர்ந்திருந்தோம்.