வேற்றுக்கிரக வாத்தியார்

ஏலியன்கள் வந்தால் நமக்கு எதையாவது கற்றுத்தருவார்களா? சினிமாவில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. வந்த வேகத்தில் அவர்கள் கட்டடங்களை உடைப்பார்கள், நாம் திருப்பிச் சுடுவோம், கதை முடிந்தது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். பலருக்கு ஏலியன் எதிரி கிடையாது, வாத்தியார்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், பத்தாவது படிக்கிறான். அவன் சொன்னது இது: "அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு நம்மகிட்ட புடுங்கிட்டுப் போக இன்னாண்ணா இருக்குது? எதுனா சொல்லிக் குடுக்கத்தான் வருவாங்க." சரி, வந்தால் என்ன கேட்பாய் என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "ஆத்த எப்டி க்ளீன் பண்றதுன்னு கேப்பேன்." கொசஸ்தலை ஆற்றைச் சொல்கிறான். எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேருகிற ஆறு.

சின்னப் பையன் ஆசை என்று தள்ளிவிட முடியாது. இதற்குள் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையே பயணம் செய்கிற அளவுக்கு ஓர் இனம் வளர்ந்திருக்கிறது என்றால், நம் நிலக்கரியையும் அணுவையும்விடப் பெரிய சக்திகளை அது கையாண்டிருக்க வேண்டும். அப்படிக் கையாண்டும் சொந்த வீட்டைக் கொளுத்திக்கொள்ளாமல் பிழைத்திருக்க வேண்டும். நாம் இப்போது திணறிக்கொண்டிருக்கும் பரீட்சையை அவர்கள் எப்போதோ எழுதி பாஸ் ஆகிவிட்டார்கள். 1960இல் ஃபிராங்க் டிரேக் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இரண்டு விண்மீன்களின் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அன்று தொடங்கிய தேடலின் அடியில் இந்த நம்பிக்கையும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்ல் சேகனுக்கும் இது இருந்தது.

எதிர்வாதமும் உண்டு. ஏலியன்கள் வந்தால் அது கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கிய மாதிரி இருக்கும், அங்கிருந்த மக்களுக்கு அது நல்லதாக முடியவில்லை என்று 2010இல் எச்சரித்தார் ஸ்டீபன் ஹாக்கிங். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1870களில் வெள்ளைக்காரர்கள் இங்கே செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கரையோரம் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வரத்து குறைந்து ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்றைக்கும் அங்கே கருங்கல்லைக் கொட்டித்தான் கடலைத் தடுக்கிறார்கள். மெரினாவில் நாம் சுண்டல் தின்னும் மணலில் ஒரு பங்கு ராயபுரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது. பெரிய அறிவு வந்து இறங்கினால் கூடவே நல்லதும் இறங்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

ஆனால் அதே துறைமுகத்திடம் இன்னொரு கதையும் இருக்கிறது.

1912இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்த வயதில் ஜி.எஸ். கார் தொகுத்த பழைய கணித நூல் ஒன்று கைக்குக் கிடைக்க, அதை வைத்துக்கொண்டு தானாகவே கணிதத்துக்குள் போனவர். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, முன்பின் பார்த்திராத ஹார்டிக்குக் கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போட்டார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம் என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்கு முன்பு வேறு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பலன் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இருந்தவர்களுக்கு அது வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சிக்னல் மாதிரிதான். ஹார்டி அதைத் தூக்கிப் போடாமல் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து படித்தார். பதில் எழுதினார்.

இந்தக் கதையில் ஏலியன் யார், வாத்தியார் யார்? நிரூபணம் எப்படிச் செய்வது என்று ஹார்டி சொல்லிக்கொடுத்தார். கணிதத்துக்குத் தான் செய்த பெரிய காரியமே ராமானுஜனைக் கண்டுபிடித்ததுதான் என்று அதே ஹார்டி பிற்பாடு சொன்னார். இரண்டு பேருமே கற்றுக்கொண்டார்கள். அதற்கான விலையைக் கப்பல் ஏறிப் போனவர் கொடுத்தார். 1914இல் கிளம்பி, உடம்பு கெட்டு 1919இல் திரும்பி, 1920இல் 32 வயதில் இறந்துபோனார்.

அறிவில் யார் பெரியவர் என்பதை வைத்து இங்கே எதுவும் நடக்கவில்லை. அதிகாரமும் வசதியும் உள்ள பக்கத்தில் இருந்தவர், தனக்குப் பழக்கமான கணித முறையில் எழுதப்படாத ஒரு கடிதத்தை உட்கார்ந்து படித்தார். அதனால்தான் எல்லாம் நடந்தது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருவோம். ஆற்றை எப்படிச் சுத்தம் செய்வது? இதற்கான பதில் பல ஒளியாண்டு தூரத்தில் ஒளிந்துகொண்டிருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் புகுந்தபோது, மீனவர்கள் படகில் போய் பக்கெட்டாலும் மக்காலும் அதை மொண்டு எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த ஆற்றுக்கு என்ன நோய் என்று அவர்களுக்குத் தெரியும். அனல்மின் நிலையச் சாம்பல், சூடான நீர், எண்ணெய், ரசாயனம், தூர்ந்துபோன கழிமுகம். சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கு அடிமண் மாறியது விரலிலேயே தெரியும். நீரோட்டத்துக்கே வன்னி, தெண்டி என்று பெயர் வைத்திருப்பவர்கள் அவர்கள். பல வருஷமாக மனு கொடுக்கிறார்கள், மறியல் செய்கிறார்கள், யார் வந்து கேட்டாலும் சொல்கிறார்கள். ஏலியன் வந்தாலும் இதையேதான் சொல்லும் என்று நினைக்கிறேன்: முதலில் கொட்டுவதை நிறுத்துங்கள்.

அப்புறம் ஏன் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம்? வானத்து வாத்தியார் இன்னும் வரவில்லை, அவர் பேச்சுக்கு இன்றைக்கே கீழ்ப்படிய வேண்டிய அவசியம் இல்லை. காட்டுக்குப்பத்து மீனவர் சொல்வதை ஒப்புக்கொண்டால் மறுநாளே எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிவரும். தொழிற்சாலை தன் லாபத்தில் கொஞ்சம் விட வேண்டும். நாமும்தான். இதைப் படிக்கிற உங்கள் போனுக்கு ஏறிய சார்ஜில் அந்தச் சாம்பலும் கொஞ்சம் இருக்கலாம்.

அதற்காக அந்த ஆசையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். உருவமோ பாஷையோ எதுவுமே ஒத்துப்போகாத ஓர் உயிர் முன்னால் உட்கார்ந்து "எனக்குத் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்று கேட்கத் தயாராக இருப்பது லேசான குணம் இல்லை. பெரியவர்களிடம் அது அரிது. ஆனால் அந்தக் குணத்தை ஏலியனுக்காக மட்டும் பத்திரமாக எடுத்து வைப்பதில் ஓர் அநியாயம் இருக்கிறது.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஒரு தங்கத் தட்டை வைத்து அனுப்பினார்கள். அதில் 55 மொழிகளில் வணக்கம் பதிவாகியிருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது. தமிழ் இல்லை. யாரும் திட்டம் போட்டுத் தவிர்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. கைக்கு எட்டிய குரல்களைச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இதை முதல்முறை கேள்விப்படும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கிறது, இல்லையா? பூமியின் பெயரால் போகும் செய்தியில் நம் குரல் இல்லை. கொடுத்த மனுவுக்குப் பதிலே வராத ஒரு குப்பத்தில் அந்தச் சுருக் தினமும் இருக்கும்.

நாளைக்கே எண்ணூரில் ஒரு கலம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஊரைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட்டிவரச் சொல்கிறார்கள். யாரைக் கூட்டிக்கொண்டு போவோம்? அந்த ஆளிடம் நாம் இதுவரை ஏதாவது கேட்டிருக்கிறோமா?