குணமா, கனமா?

என் தம்பி மகன் புதிய கார் வாங்கப் போகிறான். "நீங்கள் பல வண்டிகளை ஓட்டியவராயிற்றே, பெரியப்பா! எது ஓட்டுவதற்குச் சுகம்?" என்று கேட்டான். எளிய கேள்விதானே என்று பதில் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல, விஷயம் காரை விட்டு வேறெங்கோ போய்விட்டது.

நான் ஓட்டப் பழகியது அம்பாஸடரில். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்த வண்டி. பவர் ஸ்டீயரிங் இல்லாத அந்தக் காலத்து அம்பாஸடரை நின்ற இடத்தில் திருப்புவதற்குத் தோள்பட்டையின் தயவு வேண்டும். கியர்க் கோல் ஸ்டீயரிங் தண்டிலேயே இருக்கும். கியர் விழுந்ததா என்று விரல்தான் சொல்ல வேண்டும். பிரேக்கையோ முன்கூட்டியே நினைத்து மிதிக்க வேண்டும். பம்பாயில் டாக்ஸியாக நெடுங்காலம் ஓடிய பிரிமியர் பத்மினியிலும் கியர் அதே இடத்தில்தான். ஆனால் உடம்பு சிறியது, கைக்கு லேசு. சென்னையை அடுத்துத் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, குறுகலான தெருவிலும் பம்பரம் போல் திரும்பும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி. எஞ்சின், கியர் தரைக்கு இறங்கிவிட்டது. அதை முதன்முதல் ஓட்டிய அன்று, தலைச்சுமையை இறக்கி வைத்தவன் போல் இருந்தேன்.

பின்னால் வந்தவை இன்னும் மிருதுவானவை. அப்படிப்பட்ட ஒரு வண்டியில் (பெயர் எதற்கு?) ஒரு மாலை திண்டிவனம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே மெல்லிய பாட்டு. தற்செயலாக முள்ளைப் பார்த்தேன், 90! அறுபதில் போவதாக அல்லவா நினைத்திருந்தேன்? நிமிர்ந்தால், தலையில் புல்லுக்கட்டுடன் ஒரு மூதாட்டி சாலையின் நடுவே! மிதித்த மிதியில், அவளுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அவள் என்னைத் திட்டவில்லை. சிதறிய புல்லைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அம்பாஸடரில் 90 என்றால் கதவு பேசும், ஜன்னல் பேசும், கையிலிருக்கும் ஸ்டீயரிங்கே நடுங்கும். அந்த நாளில் நிதானமாக ஓட்டினேன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அது என் குணம் அல்ல, வண்டியின் கனம் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்காகப் பழைய வண்டியைப் புகழ்ந்துவிட முடியுமா? முடியாது. அந்தக் கிழவியைக் காப்பாற்றியது புதிய வண்டியின் பிரேக்தான். என் பழைய அம்பாஸடராக இருந்தால் நின்றிருக்காது. சுகம் குற்றமல்ல. ஆனால் வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு ஆகும். இந்தக் கணக்கு எந்தக் கம்பெனிக்காகவும் இளகுவதில்லை. முன்பு இரும்பு கற்பித்த அடக்கத்தை இப்போது மனிதன் தானே வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கையில் பணமும் அதிகாரமும் சேர்ந்தவன் நிலையும் இதுதான். சிரமம் இருந்தவரை நல்லவனாக இருந்தவன், சிரமம் நீங்கிய பிறகு என்னவாக இருக்கிறான் என்பதல்லவா கேள்வி?

"எதை வேண்டுமானாலும் வாங்கு. முதல் ஒரு மாதம் மட்டும் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டு" என்றேன்.

"பிறகு ஏ.ஸி. எதற்குப் பெரியப்பா?" என்று சிரித்தான்.

வெளியே மனிதர்கள் நடக்கிற சத்தம் உன் காதில் ஒரு முறையாவது விழட்டும் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற தயக்கத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்.