பாதிவழியில் திரும்பாத வாக்கு

செவ்வாய்க் கோளுக்கு மனிதரை அனுப்புவது பல நாடுகள் கூடிச் செய்யவேண்டிய பணி என்பர். எந்த ஒரு நாட்டின் கருவூலமும் அச்செலவைத் தனியே தாங்குவது அரிது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் சரியே. ஆயினும், கூடிச் செய்வோர் ஒருவருக்கொருவர் எத்தகைய வாக்கைத் தருகின்றனர் என்னும் கேள்வி அதனினும் முதன்மையானதாக நமக்குப் படுகிறது.

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை எண்ணிப் பார்ப்போம். அம்மீனவர் ஊரிலிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. ராக்கெட்டை அமெரிக்காவும், அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவியைப் பிரான்சும் தந்தன. 1968 பிப்ரவரி 2 அன்று அத்தளம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் இவர்கள் எல்லாருக்கும் முன்னரே கொடுத்தவர்கள் அவ்வூர் மக்கள். விக்ரம் சாராபாய் கேட்க, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா இசைய, புனித மகதலா மரியா ஆலயத்தையும் தாம் வாழ்ந்த வீடுகளையும் விட்டு அவர்கள் வேறிடம் சென்றனர். ஆலயம் அலுவலகமாயிற்று, இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. வல்லரசுகள் தம் உதவியை மறுநாளே நிறுத்தியிருக்கலாம். மீனவர் கொடுத்ததோ திரும்பப் பெற இயலாதது. (அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது போதுமா என்று நம் வரலாற்று நூல்கள் அதிகம் கேட்பதில்லை.)

நாடுகள் அவ்வாறு கொடுப்பதில்லை. கிரையோஜெனிக் எந்திரத்தின் தொழில்நுட்பத்தைத் தருவதாக ஒப்பிய ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் பின்வாங்கியது. நம்மவர் மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 2014 ஜனவரியில்தான் தம் சொந்த எந்திரத்தால் வெற்றி கண்டனர். உக்ரைன் போர் மூண்டதும், 2022 மார்ச்சில் ஐரோப்பிய விண்வெளி முகமை செவ்வாய்த் திட்டத்தில் ரஷ்யாவுடனான கூட்டை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் புறப்படவிருந்த ரோசலிண்ட் பிராங்க்ளின் ஊர்தி புறப்படவில்லை. போரைக் கண்டித்தது முறையே. ஊர்தியும் உயிரற்றது, அதனால் காத்திருக்க முடிந்தது.

மனிதரால் முடியுமா? பூந்தமல்லி டிரங்க் சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிய ஆண்டுகளில் பணி தாமதித்த நாள்களிலும் நாம் சுற்றுவழியே சென்று வேலைக்குச் சேர்ந்தோம். செவ்வாய்க்குச் சுற்றுவழி இல்லை. உகந்த புறப்பாட்டு வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே வரும். ஒருவழிப் பயணத்திற்கு மட்டும் ஏழு மாதமளவு ஆகும். தொலைவு மிகும் காலத்தில் ஒரு சொல் போய்ச்சேரவே 22 நிமிடம் வேண்டும்.

அதே போரின் நடுவே, 2022 மார்ச் 30 அன்று, அமெரிக்கரான மார்க் வாண்டே ஹை ரஷ்யத் தோழர் இருவருடன் சோயுஸ் கலத்தில் பத்திரமாகத் தரையிறங்கினார் என்பதையும் மறக்கலாகாது. ஆனால் அவர் இருந்த நிலையம் தலைக்கு மேல் நானூறு கிலோமீட்டரில்தான் இருந்தது. சில மணி நேரத்தில் வீடு திரும்பலாம்.

ஆகவே, திரும்பிவரும் கலமும் அதற்குரிய எரிபொருளும் உணவும் அங்கு போய்ச் சேர்ந்த பின்னரே மனிதர் புறப்படவேண்டும் என்போம். செலவு கூடும், ஆண்டுகளும் கூடும். 2023-இல் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் கையொப்பமிட்ட இந்தியா, நாளை செவ்வாய்க்கான ஏட்டிலும் கையொப்பமிடுமாயின், அதற்குமுன் இதைக் கேட்டுப் பெறட்டும்.