நிறம் கொஞ்சம் மட்டாம்!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பந்தப் பேச்சுக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். பெண் ஐவேளையும் தொழுபவள். குர்ஆனை அழகாக ஓதுபவள். உள்ளே சென்று பெண்ணைப் பார்த்து வந்த மாப்பிள்ளையின் உம்மா, வாசல் தாண்டுமுன்பே சொன்னார்கள்: "எல்லாம் சரிதான். நிறம்தான் கொஞ்சம் மட்டு!" கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்ணின் காதில் அது விழாமலா இருந்திருக்கும்? ஓதிப் படித்த நானோ, மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் தவ்பாச் செய்கிறேன்.

மட்டு என்று நாம் சொல்லும் அந்த நிறத்தைக் கொடுத்தவன் யார்? மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று 'அர்ரூம்' அத்தியாயத்தில் (30:22) அல்லாஹ் அறிவிக்கிறான். அவனுடைய அத்தாட்சியில் குறை காண நாம் யார்?

ஒருமுறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் உயரம் குறைந்தவர்கள் என்பதைச் சுட்டிப் பேசிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கடல் நீரில் கலந்தால் கடலே கெட்டுவிடும் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கடலையே கெடுக்கும் சொல், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சை என்ன பாடு படுத்தும்?

நம் வீட்டில் பிறந்த இந்தச் சொல்லைத்தான் வியாபாரிகள் முதலாக்கினார்கள். 1975ல் 'ஃபேர் அண்ட் லவ்லி' நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வரனும் இல்லை, வேலையும் இல்லை. கிரீம் பூசியபின் எல்லாம் கைகூடும் என்று விளம்பரங்கள் கதை சொல்லின. எதிர்ப்பு வலுத்தபின் 2020ல் அதன் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றினார்கள். டப்பாவின் பெயர் மாறியது. நம் பேச்சு மாறியதா? இன்று கைபேசியே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிறது. அந்தப் படத்தைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறோம்.

முகவரி இல்லாமல் விற்கும் சில சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். உடம்பில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரகக் கோளாறோடு வந்த சிலர் இத்தகைய களிம்புகளைப் பூசி வந்தவர்கள் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அல்லாஹ் தந்த அமானிதமான உடலை, ஊராரின் வாய்க்கு அஞ்சி நாசமாக்கலாமா?

அலங்காரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. சுர்மா இடுங்கள், மருதோன்றி வையுங்கள். பெண்ணைப் பார்த்து மணமுடிக்கவும் மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் செல்வம், குலம், அழகு, மார்க்கப்பற்று என்னும் நான்கில் மார்க்கப்பற்றையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மனத்துக்குப் பிடிக்கவில்லையா? சலாம் சொல்லிக் கண்ணியமாக விலகுங்கள். காரணம் சொல்லிக் காயப்படுத்தாதீர்கள்.

சுவனத்துப் பெண் ஒருவரைக் காட்டட்டுமா என்று கேட்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், கறுத்த பெண்மணி ஒருவரையே சுட்டிக்காட்டினார்கள். அவர் வலிப்பு நோயால் துன்புற்றவர். பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும், பொறுமையையே தேர்ந்தெடுத்தார். விழும்போது ஆடை விலகாதிருக்க துஆச் செய்யும்படி மட்டுமே கேட்டார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

தாய்மார்களே! "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்" என்று மகளிடம் சொல்லும் பேச்சை இன்றோடு விடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நிறத்தோடு அவளை ஒப்பிடாதீர்கள். ஆண்களே! சம்பந்தப் பேச்சில் யாரேனும் நிறத்தைப் பழித்தால், என்னைப் போல வாய்மூடி இருந்துவிடாதீர்கள்.

வல்ல நாயன் நம் நாவுகளைக் காப்பானாக! நம் பெண்மக்களின் உள்ளங்களைக் குளிரச் செய்வானாக! ஆமீன்.